மனச்சோர்வும் மாத்திரையும்: கம்பம், குமுளிப் பக்கத்துக் கேள்விகள்

ஆள் அடையாளம் தெரியாதபடி கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். அவசரமானது முதலில்.

தம்பிக்கு 29 வயது. கொஞ்ச நாளாக யாரோடும் பேச்சில்லை. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்கிறான். ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பயமாக இருக்கிறது. (வண்டன்மேடு)

அந்த மருந்தை இன்றைக்கே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். வேறு இடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சாகணும் என்கிற அந்த வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாமல் இருந்தாலே எத்தனையோ உயிர்கள் தப்பும். அப்புறம், "சாகணும்னு தோணுதாடா?" என்று தம்பியிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று வீட்டார் தயங்குகிறார்கள், அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் பலர் இருக்கிறார்கள். புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள், தனியாக விடாதீர்கள், இன்றே மனநல மருத்துவரிடமோ பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். நடுராத்திரி ஆனாலும் டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-இல் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அப்படி இல்லை என்று நிரூபித்தால்தான் வேறு.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாள். குமட்டலும் தலைவலியும் வந்ததுதான் மிச்சம். நிறுத்திவிடலாமா? (உத்தமபாளையம்)

நிறுத்தாதீர்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளில் பக்கவிளைவு முதல் வாரமே வரும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். குமட்டல் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும், சாப்பிட்டபின் போட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்போ, சாவு எண்ணமோ கூடினால், அதிலும் 25 வயதுக்குள் இருந்தால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

விடியுமுன் ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போகணும். ராத்திரி மாத்திரை போட்டால் காலையில் எழவே முடியவில்லை, அதனால் வேலை நாளில் போடுவதில்லை. (போடி)

இதை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா? மலைமெட்டு ஏறி வேலைக்குப் போகிற பெண்கள் பலர் இப்படித்தான் வாரத்தில் ஒரு நாள் மட்டும் போட்டுக்கொண்டு, "மாத்திரை கேக்கவே இல்ல டாக்டர்" என்று வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது தெரியும். மிர்டசபின், அமிட்ரிப்டிலின் எல்லாம் தூக்கம் தருபவை, ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றதைக் காலையில் போடலாம். எத்தனை மணிக்கு எழணும், எத்தனை மணிக்குத் தூங்கப் போவீர்கள் என்று சொன்னால் மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தர முடியும். சொல்லாவிட்டால் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

நன்றாகிவிட்டது. இதுக்கு மேல் போட்டால் அடிமையாகிவிடுவேன் என்கிறார்கள். (கூடலூர்)

மனச்சோர்வு மாத்திரைக்கு யாரும் அடிமையாவதில்லை. முதல் முறை வந்தது என்றால், நன்றான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல ஒரு உணர்வு வரலாம், அதைப் பார்த்துத்தான் அடிமை என்று நினைக்கிறார்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் பெரிய தொந்தரவு இருக்காது. பழக்கமாகிவிடக்கூடியவை பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தருகிற அல்பிரசோலம், குளோனசெபம் வகை. பழைய சீட்டைக் காட்டி அவற்றை மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும், அவற்றையும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

கல்யாணமாகிக் கட்டப்பனை வந்துவிட்டேன். இங்கே டாக்டர் மலையாளம். (கட்டப்பனை)

சீட்டில் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் மாறினாலும் உள்ளே இருக்கிற மருந்து ஒன்றுதான். இடுக்கியில் பல டாக்டர்களுக்குத் தமிழ் புரியும், அதனால் "க்ஷீணம்" (மலையாளத்தில் அசதி) என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், மூன்று மணிக்கே முழிப்பு வருகிறது, சமைக்கப் பிடிக்கவில்லை என்று உங்கள் தமிழிலேயே விவரமாகச் சொல்லுங்கள். மொழிபெயர்க்க மாமியாரையோ பிள்ளையையோ உள்ளே கூட்டிப்போகாதீர்கள், அவர்கள் முன்னால் சொல்ல முடியாத விஷயம்தான் பல நேரம் முக்கியமானது. மருந்து ஒத்துவந்து தேனி வரமுடிந்தால், க.விலக்கு மருத்துவக் கல்லூரியிலேயே தொடர்ந்து பார்க்கலாம்.

ராத்திரி ஒரு குவார்ட்டர் போட்டால்தான் தூக்கம். மாத்திரையோடு சேருமா? (பெயர், ஊர் வேண்டாம் என்றவர்)

சேராது. குடி தூக்கத்தையும் கெடுக்கும், மனச்சோர்வையும் கூட்டும். தினமும் குடிப்பவர் என்றால் திடீரென்று விட்டாலும் வலிப்பு வரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

அத்தை சோட்டானிக்கரைக்குக் கூட்டிப்போகணும் என்கிறார். (கம்பம்மெட்டு)

போய் வாருங்கள், மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு. கோவிலுக்குப் போவதால் சிகிச்சை கெடாது, போகிற இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால்தான் கெடும். யாரையும் எங்கேயும் கட்டிப்போட விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது என்பதை அத்தையிடமும் சொல்லுங்கள்.