சோடியம் விளக்கு சூடாகட்டும்: டீச்சர் பதில்கள்

பிப்ரவரி 11 அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாள், 28 தேசிய அறிவியல் நாள். அதனால் இந்த முறை பெண்கள், இயற்பியல், அரசுப் பள்ளி என்று வந்த கடிதங்களை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். சர்க்கரை நோய்க்கு வரகு நல்லதா, சாமை நல்லதா என்று கேட்ட அன்பர் பொறுத்துக்கொள்ளவும். நான் ஓய்வுபெற்ற ஃபிசிக்ஸ் டீச்சர், டாக்டர் இல்லை.

மகள் பத்தாம் வகுப்பு. இதே அரசுப் பெண்கள் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் எடுப்பேன் என்கிறாள். என் மச்சினர், "பொம்பளைப் பிள்ளைக்கு ஃபிசிக்ஸ் எதுக்கு? அப்படியே படிச்சாலும் வெளியூர் ஹாஸ்டல் ஸ்கூல்ல போடுங்க" என்கிறார். நான் டூவீலர் மெக்கானிக். என்ன செய்யலாம்?
(ஒரு தகப்பனார், மன்னார்குடி)

மச்சினரை ஒரு பக்கம் உட்காரவையுங்கள். நீங்கள் மெக்கானிக், வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் வாங்க மாட்டீர்கள். பள்ளிக்கும் அதுதான். போய், ஃபிசிக்ஸ் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். உள்ளே சோடியம் விளக்கு இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள். போட்டதும் இளஞ்சிவப்பாக எரியும், அது நியான் வாயு. உள்ளே இருக்கிற சோடியம் சூடாகி ஆவியான பிறகுதான் அசல் மஞ்சள் வரும், அதற்குப் பத்து நிமிஷம்போல ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் உங்கள் மகளிடம் அலுக்காமல் பேசிக்கொண்டிருக்க ஒரு டீச்சர் அங்கே இருந்தால் தைரியமாகச் சேருங்கள். ஹாஸ்டல் பள்ளியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். பிராக்டிகல் பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும் திறக்கிற லேபுகளை நான் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

1978இல் பிளஸ் டூ தொடங்கியபோது நான் முதல் செட். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் சயின்ஸ் குரூப் வரவில்லை. "பையன்கள் ஸ்கூலுக்கா?" என்று தெருவே கேட்டது. நாலு பேர் போனோம். கடைசி பெஞ்சு எங்களுக்கு. கால்வனாமீட்டரைத் தொட எங்கள் முறை வருவதற்குள் பெல் அடித்துவிடும். ஃபீஸ் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூக்கடை வைத்திருந்த என் அப்பா என்னை அனுப்பியிருக்க மாட்டார். கையில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. சூரியனைப் பார்க்க 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் தாண்டிப் போய் நிற்கிற ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி படித்தது செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளி. பிறகு திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி. மச்சினரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

அன்னா மணிக்கு டாக்டர் பட்டம் கொடுக்க மறுத்தது நம் சென்னைப் பல்கலைக்கழகம்தான் என்று படித்தேன். நிஜமா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

நிஜம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்த இயற்பியல் பெண்மணி.

1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர். அப்பா சிவில் என்ஜினீயர், வசதியான குடும்பம். எட்டு வயது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரத்தோடு வாங்க இருந்தார்கள். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்றார். எல்லோரும் இந்தத் தோட்டுக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள்ளேயே ஊர்ப் பொது நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களை ஏறக்குறைய முழுக்கப் படித்து முடித்திருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. வைரம் அப்பா காசு, நூலகம் ஊர்க் காசு. இரண்டில் எது அவரை உருவாக்கியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் மாநிலக் கல்லூரி. மெரினாவில் நடக்கப் போகிறவர்கள் எதிரே இருக்கிற அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். சி.வி. இராமன் அங்கே படித்தார், சுப்பிரமணியன் சந்திரசேகர் அங்கே படித்தார், 1939இல் அன்னா மணி ஆனர்ஸ் முடித்ததும் அங்கேதான். அரசுக் கல்லூரி. இரண்டு நோபல் பரிசும் ஒரு அன்னா மணியும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்திருக்கிறார்கள்.

1940இல் உதவித்தொகையோடு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், இராமனின் ஆய்வகம். தோட்டில் வேண்டாம் என்ற வைரம் இங்கே, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு ஒளித்தட்டை, அதாவது அந்தக் கால ஃபோட்டோத் தட்டை, பதிவுசெய்ய 15, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் லேபிலேயே தூங்கினார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி 1945இல் ஆய்வேட்டையும் கொடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே செய்த ஆராய்ச்சிக்குப் பட்டம் தர வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. இல்லை, ஆகவே பிஎச்டி இல்லை என்றார்கள். அவருக்கு ஆனர்ஸ் பட்டம் கொடுத்ததும் அதே பல்கலைக்கழகம்! இன்னார் படித்திருக்கிறார் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, படித்தது போதாது என்று திருப்பி அனுப்பினால் அதற்கு என்ன பெயர்? என் பாட்டி ஒரு சொல் சொல்வாள், பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் போய் வானிலைக் கருவிகளைக் கற்றுக்கொண்டு, 1948இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். மழைமானி, காற்றுமானி என்று ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி இங்கேயே செய்ய வழி பண்ணினார். இந்தியாவில் எங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளந்து 1980களின் தொடக்கத்தில் புத்தகங்களாகப் போட்டார். இன்று உங்கள் மொட்டை மாடியில் சோலார் தகடு வைக்க வருகிறவர் கணக்குப் போடுகிறாரே, அந்த மாதிரிக் கணக்குக்கு இந்த நாட்டில் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இவர். கடைசிவரை டாக்டர் அன்னா மணி இல்லை, அன்னா மணிதான்.

அறிவியல் நாளில் இராமன் படத்துக்கு மாலை போடும் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். கூடவே, 1933இல் கமலா சோஹோனி என்ற மாணவி அதே கழகத்தில் இடம் கேட்டபோது, பெண் என்பதால் முதலில் மறுத்து, பிறகு ஒரு வருஷம் சோதித்துப் பார்த்துத்தான் முறையாகச் சேர்த்துக்கொண்டவரும் இராமன்தான் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மாலை வாடிவிடாது.

இயற்பியல் நோபல் எத்தனை பெண்கள் வாங்கியிருக்கிறார்கள் டீச்சர்? பெண்களுக்கு ஃபிசிக்ஸ் வராது என்கிறான் அண்ணன்.
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, கீரனூர்)

இதுவரை 5 பேர் கண்ணு. மேரி கியூரி 1903, மரியா கோப்பெர்ட் மேயர் 1963, டோனா ஸ்டிரிக்லண்ட் 2018, ஆண்ட்ரியா கெஸ் 2020, ஆன் லூயிலியே 2023. முதல் இரண்டுக்கும் நடுவில் 60 வருஷம். அந்த மேயரம்மா அமெரிக்காவில் வருஷக்கணக்காகச் சம்பளமில்லாமல் பல்கலைக்கழகங்களில் வேலை பார்த்தார். கணவர் அங்கே பேராசிரியர், ஒரே வீட்டில் இரண்டு சம்பளம் கிடையாது என்பது அன்றைய வழக்கம். அந்த நிலைமையிலும், அணுக்கருவில் புரோட்டானோ நியூட்ரானோ 2, 8, 20, 28, 50, 82, 126 என்கிற எண்ணிக்கையில் இருந்தால் ஏன் உறுதியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இந்த ஏழு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி அண்ணனிடம் நீட்டு. ஏன் என்று விளக்கட்டும், அதுவரை சாப்பாட்டுத் தட்டை அவனே கழுவட்டும்.

லூயிலியே அம்மாவுக்குப் பரிசுச் செய்தி வந்த அன்று அவருக்கு வகுப்பு இருந்தது. போனில் பேசிவிட்டுத் திரும்பப் போய்ப் பாடத்தை முடித்தார். எங்கள் சாதிதான்!

முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கினீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? மழுப்பாமல் சொல்லவும்.
(பெயர் போடாத வாசகர்)

மகன் தனியார் மெட்ரிகுலேஷன். வேன் வாசலில் வந்து நின்றது, ஏற்றிவிட்டேன். எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லார் வீட்டிலும் வேன்தான், ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்டுக்கொள்ள மாட்டோம். மகளும் ஐந்தாவது வரை அங்கேதான். ஆறாம் வகுப்புக்கு அட்மிஷன் ஃபாரம் நிரப்பும்போது அவள் கேட்டாள்: "நீ நடத்துற ஸ்கூல் நல்லாயில்லையாம்மா?" அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஜூன் மாதம் என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து என் பள்ளிக்கே கூட்டிப்போனேன்.

போன முதல் வாரமே சாயங்காலம் வந்து, "பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி பிடிச்சுக்கணும்" என்றாள். விசாரித்தால் அது பல வருஷமாக இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது, டீச்சர்களுக்குத் தனி பாத்ரூம். நாலாம் நாள் தாழ்ப்பாள் வந்துவிட்டது. நாற்பது ரூபாயோ என்னவோ. அத்தனை வருஷம் அத்தனை பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நின்ற கதவு, டீச்சர் மகள் வந்ததும் பூட்டிக்கொண்டது. அரசுப் பள்ளி ஏன் கெடுகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களிடம் நான் இந்தத் தாழ்ப்பாளைத்தான் சொல்வேன். கேட்கிற வாய் உள்ள வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் வேன் ஏற்றி அனுப்பிவிட்டோம். முதல் ஆளாக நானே ஏற்றினேன்.

மேரி கியூரி மாதிரி மேதைகள் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள். அதற்கும் அரசுப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?
(வங்கி ஊழியர், சேலம்)

எப்படியும் என்றால் எப்படி? கணக்குப் பாருங்கள், நீங்கள் வங்கிக்காரர். 1883இல் பதினைந்து வயதில் தங்கப் பதக்கத்தோடு பள்ளியை முடித்தார். வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காது. பாரிஸ் போகப் பணமில்லை. அக்கா முதலில் போய் மருத்துவம் படிக்கட்டும், தான் வீட்டு ஆசிரியையாக இருந்து பணம் அனுப்புவது, பிறகு அக்கா தன்னைப் படிக்கவைப்பது என்று இருவருக்கும் ஒப்பந்தம். பாரிஸுக்கு ரயிலேறியது 1891இல். எட்டு வருஷம்! அந்த அக்கா வாக்குத் தவறியிருந்தால், நடுவில் ஒரு சம்பந்தம் கூடியிருந்தால், ரேடியம் வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்த எட்டு வருஷத்தில் இன்னொரு வேலையும் செய்தார். கிராமத்தில் வேலை பார்த்த வீட்டிலேயே, ஓய்வு நேரத்தில் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் போலிஷ் எழுத்து சொல்லிக் கொடுத்தார். ரஷ்ய ஆட்சியில் அது குற்றம், பிடிபட்டால் தண்டனை.

பாரிஸில் முதலிடம் வாங்கியபின் 600 ரூபிள் உதவித்தொகை கிடைத்துத்தான் மேற்கொண்டு படித்தார். பிற்பாடு சம்பாதித்ததும் அந்தப் பணத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை. அடுத்த பிள்ளைக்கு ஆகட்டும் என்று.

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் மாடல் செய்வது பையன்கள், வாசலில் கோலம் போட்டுப் பன்னீர் தெளிப்பது நாங்கள். கேட்டால் திமிர் என்கிறார்கள்.
(பிளஸ் ஒன் மாணவிகள், அறந்தாங்கி)

வட அயர்லாந்தில் லர்கன் என்ற ஊர்ப் பள்ளியில், ஒரு நாள் பையன்களை லேபுக்கும் பெண்களைச் சமையல் தையல் வகுப்புக்கும் அனுப்பினார்கள். ஜோசலின் என்ற சிறுமி வீட்டில் போய்ச் சொன்னாள். அப்பா அம்மா சண்டைக்குக் கிளம்பினார்கள். அடுத்த வகுப்பில் லேபில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள்தான் ஜோசலின் பெல் பர்னல். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக, நாலரை ஏக்கரில் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து ரேடியோ தொலைநோக்கி கட்டியவர்களில் ஒருவர், சம்மட்டி பிடித்த கை. தினம் முப்பது மீட்டர் காகிதத்தில் கிறுக்கல் வந்து விழும், அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, 1967இல் 1.33 விநாடிக்கு ஒருமுறை துடிக்கிற ஒன்றைப் பிடித்தார். முதல் பல்சார், அதாவது சுழன்றுகொண்டே ரேடியோ துடிப்பு அனுப்புகிற விண்மீன். 1974இல் நோபல் அவருடைய வழிகாட்டிக்குப் போனது. 2018இல் இவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று வந்தது. ஒரு பைசா எடுத்துக்கொள்ளாமல், இயற்பியல் ஆராய்ச்சிக்கு வர வழியில்லாத பிள்ளைகளின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார்.

கோலத்தை நிறுத்த வேண்டாம். புள்ளி வைப்பதிலும் கணக்கு இருக்கிறது, அதையே மாடலாக்கி உள்ளே மேஜையில் வையுங்கள். பன்னீரைப் பையன்கள் தெளிக்கட்டும். அம்மாக்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஜோசலினுக்கும் வீட்டிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

லேபில் மாட்ட ஒரு பெண் இயற்பியலாளர் படம் சொல்லுங்கள். மேரி கியூரி ஏற்கெனவே இருக்கிறார்.
(ஆசிரியர், பரமக்குடி)

பிபா சௌதுரி. டார்ஜிலிங் மலையில் ஒளித்தட்டுகளை வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் மெசான் என்ற, அணுவைவிடச் சிறிய துகள்களைத் தேடியவர். போர்க்காலத்தில் நல்ல தட்டு கிடைக்காமல் வேலை நின்றது. அதே முறையை மேம்படுத்தி 1950இல் நோபல் வாங்கியவர் இங்கிலாந்துக்காரர் பவல். படத்தை ஸ்விட்ச் போர்டை மறைக்காமல் மாட்டுங்கள்.

எங்கள் பள்ளியில் ஃபிசிக்ஸ் டீச்சர் போஸ்ட் ஜூனிலிருந்து காலி. இதுவரை ஒரு பிராக்டிகல்கூடச் செய்யவில்லை. வீட்டிலேயே ஏதாவது செய்ய முடியுமா டீச்சர்?
(பிளஸ் ஒன் மாணவி, வேதாரண்யம் பக்கம்)

முதலில் அம்மாவை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அனுப்பு. தற்காலிகமாகவாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதவைத்து, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

அதுவரை தனி ஊசல் செய். நல்ல நூல், உருண்டைக் கல். உத்தரத்தில் கட்டி, கட்டிய இடத்திலிருந்து கல்லின் நடுவரை சரியாக ஒரு மீட்டர் வை, டெய்லர் டேப் போதும். லேசாக ஆட்டு, ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். போய்த் திரும்பி வந்தால் ஒன்று. இருபது அலைவுக்கு எத்தனை விநாடி என்று போனில் பார். ஐந்து முறை எடுத்துச் சராசரி போடு. அதை இருபதால் வகுத்தால் ஓர் அலைவு நேரம். 39.5ஐ நீளத்தால் பெருக்கி, அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகு. கிடைப்பதுதான் உங்கள் வீட்டுக் கூடத்தில் புவியீர்ப்பு முடுக்கம்.

புத்தகத்தில் 9.8 என்று போட்டிருக்கும். உனக்கு 9.5 வரலாம், 10.1 வரலாம். திருத்தாமல், வந்தது வந்தபடி ஒரு கார்டில் எழுதி எனக்குப் போடு. ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா என்பதையும் எழுது.