தண்ணீர் வந்தால் துப்பறியும் கதை, வற்றினால் தடித்த நாவல்

‘சரித்திரம், குடும்பக் கதை, துப்பறிதல், மொழிபெயர்ப்பு என்று எல்லா வகை நாவலும் படிக்க ஆசை. ஆனால் ஒரே வகையில் மாட்டிக்கொள்கிறேன், அப்புறம் அதுவும் சலித்துப் படிப்பே நின்றுவிடுகிறது. எப்படித் தொடர்வது?’ என்பது உங்கள் கேள்வி.

நான் நீடாமங்கலம் பக்கம் விதை, உரக்கடை வைத்திருக்கிறேன். எங்களுக்கு வருஷக் கணக்கே மேட்டூர் அணையை வைத்துத்தான். வழக்கப்படி ஜூன் 12இல் திறப்பார்கள், ஜனவரி 28இல் மூடுவார்கள். சில வருஷம் முன்னே பின்னே போகும். என் வாசிப்பும் இதே கணக்கில்தான் ஓடுகிறது.

குறுவை நாற்று விடுகிற நாட்களில் கல்லாவில் உட்கார்ந்து தடித்த நாவல் படிக்க முடியாது. பக்கம் திருப்புவதற்குள் “அண்ணே, டிஏபி வந்துடுச்சா?” என்று ஆள் நிற்பார். அந்த மாதங்களுக்கு ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் வகைப் பாக்கெட் நாவல்கள்தான் சரி. எங்கே விட்டாலும் பிடித்துக்கொள்ளலாம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் ஒரு அத்தியாயம் தாராளமாக முடியும். அந்த கேட்டைத் திட்டாத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதையெல்லாம் படிப்பதாகவே சேர்க்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தினமும் புத்தகத்தைக் கையில் எடுக்கிற வழக்கம் விட்டுப்போனால் மாசி மாதம் ஓய்வு வரும்போது பெரிய நாவலையும் தொடத் தோன்றாது.

அணை மூடி, அறுவடையும் கொள்முதலும் முடிந்து கடை ஓய்ந்த பிறகு தடித்தவை.

இனி வகை மாறுவது. ‘அடுத்து ஒரு மொழிபெயர்ப்பு படிக்க வேண்டும்’ என்று கடமையாக எடுத்தால் இருபது பக்கம் தாண்டாது. படித்ததிலிருந்து படிக்கப்போவதற்கு ஒரு தொடர்பு வேண்டும். எனக்கு அது ஊர். இந்தப் பக்கத்து ஆட்கள் பலரையும் போல நானும் பொன்னியின் செல்வனில் தொடங்கியவன். ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அங்கே விழுந்து, சில வருஷம் ராஜா ராணிக் கதைகளை விட்டு வெளியே வரவில்லை. அப்போது நூலகர், “கும்பகோணம் பிடிக்குமென்றால் இதையும் பாருங்கள்” என்று மோகமுள்ளைக் கொடுத்தார். அதே குடந்தைதான், ஆனால் ஒற்றனும் சதியும் இல்லை; பாபுவின் சங்கீதமும் யமுனாவும்தான். எனக்குத் தெரிந்த தெருக்கள் என்பதாலேயே அந்த நிதானமான நடை பழகிவிட்டது.

அப்புறம் எம்.வி. வெங்கட்ராமின் வேள்வித் தீ. அதே கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வீடுகள். துப்பறியும் கதைக்கும் இந்தப் பக்கத்தில் பரம்பரை உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் கும்பகோணம் வக்கீல்தான் 1950இல் நம்பியார் பல வேஷத்தில் வந்த திகம்பர சாமியார் படமானது.

கொஞ்சம் கிழக்கே போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். இதைப் பின்னணியாக வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதியது குருதிப்புனல். பண்ணையாரின் ஆண்மைக்குறையைப் பெரிதாக்கிக் கூலிப் பிரச்சினையைப் பின்னால் தள்ளிவிட்டது என்று அதன்மேல் ஒரு விமர்சனம் உண்டு, எனக்கும் அதே எண்ணம்தான். அதனாலேயே சோலை சுந்தரபெருமாளின் செந்நெல்லையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று வைத்துப் பார்க்கும்போது, நாவல் என்பதையே கொஞ்சம் வேறுமாதிரி படிக்கத் தொடங்குவீர்கள்.

மொழிபெயர்ப்புக்கும் இதே வழியில்தான் போனேன். ஆறும் வயலும் உள்ள இன்னொரு மண் என்று யாரோ சொல்லி, அதீன் பந்த்யோபாத்யாயவின் நீலகண்டப் பறவையைத் தேடி நாவலை எடுத்தேன், சு. கிருஷ்ணமூர்த்தி தமிழில். கிழக்கு வங்கக் கிராமம், பிரிவினைக்கு முந்தைய காலம். பெயர்கள் முதலில் குழப்பும். ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டால் ஓடிவிடும்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா என்றால், தாராளமாக. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. எனக்கு ஓடாததை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தால்தானே அதற்குரிய ஆளிடம் போகும்? வருஷத்துக்கு இத்தனை என்று இலக்கு வைப்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. எண்ணிக்கைக்காக மெலிந்த புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

ஊர் வழியாகப் போகிற இந்த முறை விஞ்ஞானப் புனைகதைக்கு மட்டும் கைகொடுக்கவில்லை. அதற்கு அக்கா மகள் கொடுப்பதை வாங்கிப் படிக்கிறேன். பாதி புரிவதில்லை, மீதியில் பாதி பிடிப்பதில்லை. ஆனால் நானாக அலமாரியிலிருந்து அவற்றை எடுத்திருக்கவே மாட்டேன் என்பதால், அவள் கொடுப்பதை இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.