மலைக்கும் கடலுக்கும் போகுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வழிகாட்டியுடன் மலைக்கும் கடலுக்கும் சென்று, அங்கே தன்னைத் தானே காத்துக்கொள்ளும் திறன்களைக் கற்பது பற்றி நம் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், இமயமலையில் ஒரு மாத மலையேற்றப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் பதினொரு முறை வெள்ளியங்கிரி ஏறியவன். கையில் ஒரு தடியும் தண்ணீரும் இருந்தால் மலை ஏறிவிடலாம். இதில் ஒரு மாதம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அனுப்பினால் பாதுகாப்பாகத் திரும்பி வருவாளா?
(பின்னலாடைத் தொழில் செய்யும் தந்தை, திருப்பூர்)

பதில்: பதினொரு முறை ஏழு மலையும் ஏறி இறங்கிய கால்களுக்கு முதலில் என் வணக்கம். ஆனால் அந்தப் பதினொரு முறையில் ஒரு முறையாவது, எந்தப் பக்கம் போவது, எங்கே தங்குவது, எப்போது திரும்புவது என்று தாங்களே முடிவெடுக்க வேண்டி வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். பூண்டியில் மூங்கில் தடி வாங்கிய இடத்திலிருந்து உச்சி வரை முன்னாலும் பின்னாலும் ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். பாதையோ தலைமுறை தலைமுறையாகக் கால்பட்டுத் தேய்ந்தது. எந்த மாதங்களில் ஏறலாம் என்பதையும் வனத்துறையே முடிவு செய்து, பிப்ரவரி முதல் மே வரை மட்டும் வழியைத் திறந்துவிடுகிறது. முடிவுகள் அனைத்தையும் பிறர் எடுத்து முடித்த மலையில் நமக்கு மிஞ்சுவது மூச்சும் காலும் பக்தியும்தான். இவை சிறியவை அல்ல. ஆனால் ஆளற்ற மலையில் இவை மட்டும் போதா.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து சென்றவர்கள். குழுவினரில் பெரும்பாலோர் நடக்கத் தெரிந்த இளையவர்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஓடும்போது, தனக்கு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு போவதால், மனிதர் ஓடும் வேகத்தை எளிதில் மிஞ்சிவிடும். கோடைக்காலத்தில் அப்படிப்பட்ட சரிவில் கால் வைக்காமல் இருப்பதே அந்தத் தீயிலிருந்து தப்பும் வழி. மலைக்கல்வி என்று நான் சொல்வது இந்த முன்யோசனையைத்தான்.

டார்ஜிலிங்கில் 1954-ஆம் ஆண்டும் உத்தரகாசியில் 1965-ஆம் ஆண்டும் தொடங்கப்பட்ட அரசு சார்ந்த மலையேற்ற நிலையங்களில் அடிப்படைப் பயிற்சி 28 நாள் நடைபெறுகிறது. பாறை ஏறுவது, கயிற்றில் இறங்குவது, பனியில் வழுக்கினால் பனிக்கோடரியை ஊன்றி நிற்பது, பனியாற்றில் (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பில்) நடப்பது ஆகியவற்றைக் கற்றுத் தருவதோடு, இறுதியில் தரமும் வழங்குகிறார்கள். உயர்தரம் பெற்றவர்களுக்கு மட்டுமே அடுத்த நிலைப் பயிற்சிக்கு இடம் உண்டு. வேறு சில பயிற்சிகளில் கயிற்று வேலை குறைவாகவும், குழுவை நடத்தும் பொறுப்பு மிகுதியாகவும் இருக்கும். மாணவர்களில் ஒருவர் நாள்தோறும் அன்றைய தலைவராக இருப்பார். பயிற்றுநர் வரிசையின் கடைசியில் வாய் திறவாமல் வருவார்.

அப்படி ஒரு நாள் உத்தராகண்டில் எனக்குத் தலைமை வாய்த்தது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். முதுகில் சுமை இருந்தால் அதற்கு மேலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் சுமையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கடக்க வேண்டிய ஓடைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். ஓடைதானே, இறங்கிக் கடந்துவிடலாம் என்று தடியை ஊன்றினேன். தொடையளவு தண்ணீர் தடியை இழுத்தது. பின்னால் நின்ற பயிற்றுநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது காலையில் எவ்வளவு ஆழம் இருந்திருக்கும்?" பனியாற்றிலிருந்து வரும் ஓடை வெயில் ஏற ஏறப் பெருகி, இரவுக் குளிரில் வடிந்துவிடும் என்பதை வகுப்பில் எழுதிவைத்திருந்தேன்; ஓடைக்கரையில்தான் அது மனத்தில் பதிந்தது. இக்கரையிலேயே கூடாரம் அடித்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடந்தபோது தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. தங்கள் மகள் ஒரு மாதத்தில் கற்று வரப்போவது இத்தகைய பாடங்களைத்தான். அதற்கு ஒரு மாதம் குறைவு என்றே நான் சொல்வேன்.

பாதுகாப்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் உத்தரகாசி நிலையத்தின் குழு ஒன்று திரௌபதி கா தண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே எந்த நிறுவனமாவது முழுப் பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்தால் அதை நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? அடிபட்டவரைக் கீழே கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும்? வானிலை கெட்டுச் சிகரத்தைத் தொடாமல் திரும்பிய ஆண்டு எது? கடைசிக் கேள்விக்குப் பெருமையோடு பதில் சொல்பவர்களிடம் மகளை அனுப்புங்கள்.

தாங்கள் பின்னலாடைத் தொழிலில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். நம் திருப்பூரின் பருத்தி பனியன் வெயிலுக்கு நிகரற்றது; பனிமலைக்கு ஆகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நடை நின்றதும் உடம்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். தோலை ஒட்டி அணிவது பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளியாக இருக்கட்டும். பாலியஸ்டர் விளையாட்டு உடைகள் தங்கள் ஊரிலேயே தைக்கப்படுகின்றன.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் எட்டு வயதில் நீச்சல் பழகினேன். மேட்டிலிருந்து குதிப்பேன், மூச்சடக்கி அடிமண் எடுத்து வருவேன். கடலில் கயாக் படகுப் பயணம் போக ஆசை. எனக்குத் தனியாகப் பயிற்சி தேவையா?
(இளைஞர், பெருந்துறை)

பதில்: கட்டாயம் தேவை. கிணற்றில் எந்தப் பக்கம் நீந்தினாலும் ஒரு சுவர் வரும், ஒரு படி கிடைக்கும். கடலில் நீந்திப் போய்ப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் படகுதான் உங்கள் சுவர். அதனால்தான் நல்ல பயிற்சியில் முதல் நாள் துடுப்புப் போடுவதற்கு முன்பே படகைக் கவிழ்க்கச் சொல்வார்கள்.

அது எப்படி என்று சொல்கிறேன். உள்ளே அமர்ந்து ஓட்டும் கடல் கயாக்கில், தண்ணீர் புகாதபடி இடுப்பைச் சுற்றி ஒரு பாவாடை போன்ற விரிப்பு படகின் விளிம்போடு மாட்டப்பட்டிருக்கும். படகு கவிழ்ந்ததும் தலை கீழே, மூக்கில் உப்புநீர், கண்ணுக்குப் பச்சை இருட்டு. அப்போது உடம்பு பின்னால் சாயத் துடிக்கும்; அதற்கு இடம் கொடாமல் முன்னால் குனிய வேண்டும். விரிப்பின் முன்முனையில் உள்ள பட்டையைத் தேடி, முன்பக்கமாக இழுத்து விடுவித்து, இரு கைகளாலும் விளிம்பைத் தள்ளி, கால்சட்டையைக் கழற்றுவதுபோல் படகிலிருந்து வெளியே வர வேண்டும். வந்த பிறகும் ஒரு கை படகையும் மறு கை துடுப்பையும் விடக் கூடாது. காற்றில் ஆளில்லாப் படகு ஓடும் வேகத்துக்கு எந்த நீச்சல்காரராலும் ஈடுகொடுக்க முடியாது. இதைப் பத்து முறை செய்த பிறகுதான், தோழரின் படகு உதவியோடு மீண்டும் ஏறி அமரக் கற்றுத் தருவார்கள். கிணற்றில் நீங்கள் பழகிய மூச்சடக்கம் இங்கே பெரிய முதல். அந்த வகையில் நகரத்துப் பிள்ளைகளைவிட நீங்கள் ஒரு படி முன்னால்தான் நிற்கிறீர்கள்.

இந்தப் பயிற்சி முறையின் வரலாறும் கடலிலிருந்தே தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்ப்படகுகளில் வலுவான இளம் மாலுமிகள் மடிய, வயது முதிர்ந்தவர்கள் தாக்குப்பிடிப்பதாகக் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவரும் கல்வியாளர் குர்ட் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் அவுட்வர்டு பவுண்ட் பள்ளியைத் தொடங்கினர். உடல் வலுவுக்கு மேல் இன்னொன்று வேண்டும், அதைக் கற்பிக்க முடியும் என்பது அவர்களின் நம்பிக்கை.

காற்றையும் படியுங்கள். ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே தென்மேற்குக் காற்றுதான் அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்கச் செய்கிறது. இராமேசுவரத்தில் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும், வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் அழைப்பார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண் கடல் சீறும், பெண் கடல் அடங்கியிருக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் இது தலைகீழாகும். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் எழுந்த புயலின் அலைகள், இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கரையில் ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவரைக் கடல் கொண்டுபோனது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 என்பதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். எத்தனை நல்ல நீச்சல்காரரானாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 51. சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இமயமலை நடைப்பயணத்துக்குப் போகலாமா?
(ஆசிரியர், பொள்ளாச்சி)

பதில்: தங்கள் மருத்துவர் இசைந்தால் போகலாம். உயரத்துக்குப் பழகுவதில் மட்டும் அவசரம் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வெடுப்பதும் பொது விதி. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், நம் பக்கத்து மலைகளில் நடந்து பழகியதை வைத்து, உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயரநோயைக் கணிக்க முடியாது. தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நள்ளிரவானாலும் கீழே இறங்க வேண்டும். உங்கள் நோயை வழிகாட்டியிடம் மறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: பயிற்சிக் குழுவில் சமையலை மாணவர்களே செய்ய வேண்டுமாம். நம் ஊர்ச் சாப்பாட்டில் எதைக் கொண்டுபோகலாம்?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: கேள்வியைக் கண்டதும் மகிழ்ச்சி. ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு என்ற நிலைக்கு நம் அரிசிம்பருப்புச் சோற்றை விஞ்சியது இல்லை. ஆனால் 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே நிற்கும், எரிபொருள்தான் தீரும். சிறிய குக்கர் குழுவில் இல்லையென்றால், தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பைக் காலையிலேயே ஊறவைத்துப் பயன்படுத்துங்கள். தாளிப்புக்கு வேண்டிய வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாயை வீட்டிலேயே வதக்கி உலர்த்திப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். வறுத்த ராகி மாவு, எள்ளுருண்டை, கடலை மிட்டாய் எல்லாம் எடை குறைந்தவை, சூடு தருபவை. எள்ளுருண்டையைக் குளிருக்கு முன் சிறிதாக உடைத்து வையுங்கள்; உறைந்துவிட்டால் பல் போய்விடும். பொட்டலத் தாள் ஒன்றுகூட மலையில் தங்கக் கூடாது.

கேள்வி: ஐயா, நான் அரசுக் கல்லூரி மாணவன், அப்பா விவசாயி. இமயமலைக்கோ கடலுக்கோ போக இப்போது பணம் இல்லை. உள்ளூரிலேயே எதைக் கற்கத் தொடங்கலாம்?
(உடுமலைப்பேட்டை)

பதில்: தம்பி, பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் 1:50,000 அளவு வரைபடத்தில் உங்கள் பகுதிக்குரிய தாளைத் தேடி எடுங்கள். அதில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். திருமூர்த்தி அணைக்கரையில் அமர்ந்து, எதிரே தெரியும் மலையையும் தாளில் உள்ள சம உயரக் கோடுகளையும் மாறி மாறிப் பாருங்கள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். பள்ளத்தில் கோடு மலையின் உட்பக்கமாக வளையும், முகட்டில் வெளிப்பக்கமாக வளையும். பத்து ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தால் தாளைப் பார்த்ததும் மலை கண்முன் எழுந்து நிற்கும்.

காட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 வழித்தடங்கள் உள்ளன. தீப்பிடிக்கும் காலத்தில் மூடிவிடுவார்கள். உடன் வருபவர் பெரும்பாலும் மலைக்கிராமத்தவர். அவரைப் புகைப்படம் எடுக்கும் ஆளாக்கிவிடாமல், அவர் எதைப் பார்த்து நிற்கிறார் என்று கவனியுங்கள். யானைச் சாணம் இன்னும் ஈரமா, ஒடிந்த கிளையின் பால் காய்ந்துவிட்டதா, காற்று நம்மிடமிருந்து மூங்கில் புதரை நோக்கி அடிக்கிறதா என்று அவர் ஒரு நொடியில் எடைபோடுவதைப் புத்தகத்தில் கற்க முடியாது. அவர் நடந்துகொண்டே செய்வதை, "அண்ணா, இங்கே ஏன் நின்றீர்கள்?" என்று ஓய்வெடுக்கும் இடத்தில் கேளுங்கள், மகிழ்ந்து சொல்வார்.

முடிச்சுக்கு உங்கள் வீட்டைவிட நல்ல பள்ளி இல்லை. கன்றுக்குட்டி எவ்வளவு இழுத்தாலும் கழுத்தை இறுக்காத கண்ணியை அப்பா தினமும் போடுகிறார். மலையில் ஒருவரை இடுப்பில் கட்டி இறக்கும்போது வேண்டியதும் படகைக் கரையிலுள்ள முளையில் கட்டும்போது வேண்டியதும் அதே குணமுள்ள கண்ணிதான்: இறுகக் கூடாது, தானாக அவிழவும் கூடாது, வேண்டும்போது எளிதில் அவிழ்க்க வர வேண்டும். முதலில் அதை அவரிடம் கேட்டுப் பழகுங்கள். பிறகு கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் போட்டுப் பாருங்கள்.