பாக்சிங் டே என்றால் குத்துச்சண்டை நாளா?

ஆங்கிலம் இப்போதுதான் படிக்கத் தொடங்கிய மகள், கிறிஸ்துமஸ் பாடத்தில் ‘பாக்சிங் டே’ என்று பார்த்துவிட்டு அன்றைக்குக் குத்துச்சண்டையா என்கிறாள், என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சண்டை இல்லை, பெட்டி. டிசம்பர் 26 அன்று பிரிட்டனில் வேலையாட்களுக்குப் பெட்டியில் பரிசோ காசோ கொடுத்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), கிறிஸ்துமஸ் காலையிலேயே அம்மா பழைய பிஸ்கட் டின்னில் முறுக்கையும் அதிரசத்தையும் அடுக்கி, மேலே செய்தித்தாளை மடித்து வைத்து, பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொடுத்தனுப்புவார் (டின் காலியாகத் திரும்பியதே இல்லை). அதைச் சொல்லிப் பாருங்கள், ‘பாக்ஸ்’ மனதில் நின்றுவிடும்.

அப்புறம் ‘கிறிஸ்துமஸ் ஈவ்’ என்றால் சாயங்காலம் மட்டும் இல்லை, 24ஆம் தேதி முழுவதற்கும் அதே பெயர்தான்.