பாடத்தின் பெயருக்காகத் தோட்டத்தை விற்கலாமா?

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் பண்ணையம் பார்க்கிறேன். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கட்-ஆஃப் 168. கலந்தாய்வில் பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்போல் இருக்கிறது. மைத்துனரோ, "அரை ஏக்கர் போனால் போகிறது, கோவையில் நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். ஊரில் சிலர், இனி சாஃப்ட்வேர் வேலையே இருக்காது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

நிலத்தை விற்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு என்று பெயர்கள் பல இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்: புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், கணிதம். இரண்டு பிரிவுகளின் பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெயரில் தெரிகிற தூரம் உள்ளே இல்லை.

மென்பொருள் பொறியியல் என்ற பெயர் பரவலானதே ஒரு நெருக்கடியால்தான். கணிப்பொறிகள் வளர்ந்த வேகத்துக்கு அவற்றுக்கான நிரல்கள், அதாவது புரோகிராம்கள், ஈடுகொடுக்கவில்லை. சொன்ன நாளில் முடியவில்லை, முடிந்தவற்றிலும் பிழைகள். அதைப் பேசத்தான் 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஒரு மாநாடு கூட்டியது. நிரல் எழுதுவது இந்தத் தொழிலில் ஒரு பகுதி மட்டுமே. என்ன வேண்டும் என்று கேட்டறிவதும், சோதிப்பதும், பிறர் எழுதியதைப் பல ஆண்டுகள் பழுதுபார்ப்பதும்தான் பெரும்பகுதி.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிய பெண்ணை எனக்குத் தெரியும். கட்டிங்கில் 1200 பீஸ். செக்கிங் மேசையில் 1236 என்று காட்டியது. நிரலில் தவறே இல்லை. இரண்டு நாள் அந்த மேசையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். தையல் கோணலென்று திருப்பி அனுப்பிய 36 பீஸ், சரிசெய்து வந்தபோது மறுபடியும் எண்ணப்பட்டிருந்தது. அதை அவளிடம் சொன்னது செக்கிங் செய்யும் ஓர் அக்கா. இன்றைய ஏ.ஐ. நிரலை நிமிடத்தில் எழுதித் தரும். ஆனால் அந்த 36 பீஸ் பற்றி யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

அதற்காக வேலை எளிது என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்கே வந்து கும்பலாக ஆள் எடுத்த காலத்தை நம்பிச் சேரக்கூடாது. கற்றதைச் செய்துகாட்டத் தெரியாத பட்டதாரிக்கு இனி நெருக்கடிதான்; தெரிந்தவருக்குச் சென்னை, பெங்களூரு மட்டுமல்ல, கோவையிலேயே இடமிருக்கிறது. டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் அங்கே 2010-லேயே வந்துவிட்டது. பக்கத்துக் கல்லூரியில் ஆசிரியர் சுமாராக இருந்தாலும், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டணம் இடித்தால் கல்விக் கடன் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மைத்துனர் பேசுகிறார், ஊர் பேசுகிறது. அம்மணி என்ன சொன்னாள் என்பது ஒரு வரிகூட இல்லை. கலந்தாய்வுக்கு முன் ஒன்று செய்யுங்கள். பால் சொசைட்டி நோட்டை அவளிடம் கொடுத்து, லிட்டரும் கொழுப்பு அளவும் கொடுத்தால் பத்து நாள் தொகையைச் சொல்லும் ஒரு சிறு நிரலை எழுதச் சொல்லுங்கள். முதலில் தப்பாகத்தான் வரும். அந்தத் தப்போடு எத்தனை இரவு உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.