வாக்குத் தவறும் முகவருக்கு அபராதம்

கேள்வி: ஆள் தலையீடு இல்லாமல் தாமே பேரம் பேசும் மென்பொருள் முகவர்களுக்கு ஒப்பந்தங்களும் நெறிகளும் வகுக்கிறார்களாமே? தவறு செய்யவே முடியாதபடி நிரலை எழுதிவிட்டால் போதாதா? (கோவை வாசகர் ஒருவர்)

பதில்: எல்லா முகவர்களையும் ஒரே நிறுவனம் எழுதியிருந்தால் போதும். ஆனால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆள் தத்தம் லாபத்துக்காக ஏவிவிடும் சந்தையில், அடுத்தவர் நிரலைத் திறந்து பார்க்க முடியாது. வெளியே தெரியும் நடத்தையை வைத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

கணினி ஆய்வாளர் ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட ஒப்பந்த முறை நம் ஊர் டெண்டரைப் போன்றது: வேலை வைத்திருக்கும் முகவர் அறிவிப்பு விடும், செய்யக்கூடியவை விண்ணப்பிக்கும், பொருத்தமானதற்கு வேலை ஒப்படைக்கப்படும். எல்லா முகவர்களும் நல்லெண்ணத்தோடு ஒத்துழைக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது அது.

அந்த நம்பிக்கையை வைக்காமல் தொடங்கியவர்கள் ஸ்பெயின் ஆய்வாளர்கள். பிளானெஸ் என்ற கடலோர ஊரின் மீன் ஏலத்தை 1990-களில் அவர்கள் மென்பொருளாக்கினார்கள். அங்கே விலை மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும். முதலில் நிறுத்துபவருக்கே மீன். கையிருப்புக்கு மிஞ்சிய விலையில் ஒரு முகவர் நிறுத்திவிட்டால் அதற்கு அபராதம் விதித்து, அதே மீனை உயர்த்திய விலையில் மீண்டும் ஏலம் விடுவார்கள். அபராதத்தையும் கட்ட முடியாத முகவர் சந்தையை விட்டே வெளியேற்றப்படும்.

பணமில்லாத கேட்பை நிரலே தடுத்திருக்கலாமே என்பீர்கள், தடுத்திருக்கலாம்தான். ஆனால் ஒப்புக்கொண்ட சரக்கு ஒரு நாள் தாமதமாக வருவதையோ, பாதி கெட்டுப்போய் வருவதையோ எந்த நிரலும் தடுக்காது. அது துறைமுகத்தில் நடப்பது. அத்தகைய இடத்தில் நெறியை மீற வழி விட்டு, மீறலுக்கு விலை வைப்பதே நடைமுறைக்கு ஒத்தது. சேண்ட்ஹோம், லெஸ்ஸர் என்ற கணினி ஆய்வாளர்கள் 1990-களில் முன்வைத்த ஒப்பந்த முறையில், மேலான வாய்ப்பு வந்த முகவர் முன்பே குறித்த தொகையைக் கட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், நெறியை எழுதுவதைவிட அந்தத் தொகையைக் குறிப்பதுதான் கடினம்: குறைத்து வைத்தால் முகவர்கள் அதை ஒரு கட்டணமாகவே கணக்கில் சேர்த்துவிடும், கூட்டி வைத்தால் ஒப்பந்தத்துக்கே எதுவும் வராது.

கடைசியில் அபராதம் கட்டுவது முகவரை ஏவியவரே. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ஆம் பிரிவும், ஒருவர் தாமாக இயங்கும்படி அமைத்த கணினி அனுப்பும் மின்னணுப் பதிவை அவர் அனுப்பியதாகவே கொள்கிறது. ஆகவே ‘என் முகவர் எனக்குத் தெரியாமல் ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று சொல்லித் தப்பிப்பது எளிதல்ல.