டோக்கன் இல்லாம ஓடாத படம்

கே: அண்ணே, நான் தங்கச்சிமடம், விசைப்படகுல போறேன். காலையில போனா மறுநாள் காலையிலதான் கரை. ராத்திரி சும்மா இருக்கிற நேரத்துல பாக்கலாம்னு ஒரு ஓடிடி ஆப்ல படம் டவுன்லோட் பண்ணேன். சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுச்சு. திங்கக்கிழமை ராத்திரி நடுக்கடல்ல திறந்தா காலாவதின்னு வருது, டவரும் இல்ல. போன்ல தேதியை ரெண்டு நாள் பின்னாடி தள்ளி வச்சும் பாத்துட்டேன். கரைக்கு வந்து ஃபைலை பென்டிரைவ்ல ஏத்தி டிவியில சொருகுனா அதுலயும் எடுக்கல. காசு கட்டித்தானே எடுத்தேன்?

ப: தம்பி, உங்களுக்கு இத புரிய வைக்கிறது சுலபம். படகு தயாரு, டீசல் அடிச்சாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு, ஆனா மீன்துறை டோக்கன் இல்லன்னா கிளம்ப முடியுமா? போன வாரத்து டோக்கனை நீட்டுனா விடுவாங்களா? போன்ல கிடக்குற ஃபைல் அந்தப் படகு மாதிரி, அத ஓட்ட லைசன்ஸ்னு தனியா ஒரு டோக்கன் வேணும், பூட்டைத் திறக்குற சாவி, எத்தனை நாளுக்குங்கிற கெடு ரெண்டும் அதோடதான் வரும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஆர்எம்னு பேரு.

உங்களைக் கவுத்தது அந்த பத்து நிமிஷம். டவுன்லோட் பண்ணி தொடாம வச்சிருந்தா பல நாள் இருக்கும், ஆனா ஒரு தடவை ப்ளே அமுக்கிட்டா சில படங்களுக்கு 48 மணி நேரந்தான் கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அமுக்குனீங்கன்னா திங்கக்கிழமை ஆறு மணிக்கு முடிஞ்சுச்சு, காலையில கரையை விட்டு கிளம்பும்போது உயிரோட இருந்த படம், நீங்க ராத்திரி சோறு தின்னுட்டு போனை எடுக்கிறப்ப இல்ல. தேதியை மாத்துற வித்தையெல்லாம் இந்த ஆப்புங்க எப்பவோ பாத்தாச்சு, பெரும்பாலும் பலிக்காது. அதனால குழம்புல உப்பு பாக்குற மாதிரி ஓட்டிப் பாக்காதீங்க. கிளம்புற அன்னைக்கு டவர் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து டவுன்லோட் பக்கத்துல கெடு பாருங்க, முடிஞ்சிருந்தா பெரும்பாலும் அங்கயே புதுப்பிச்சுக்கலாம்.

பென்டிரைவ் கதை வேற. அந்த ஃபைல் முழுக்க கலைச்சுப் போட்ட எழுத்து மாதிரி, சாவி உங்க போனோட மட்டும் கட்டுப்பட்டது, பேரை எம்பி4னு மாத்துனாலும் விஎல்சிங்கிற வீடியோ ப்ளேயர்ல போட்டாலும் அசையாது. ஆண்ட்ராய்டுல இந்தப் பூட்டு கூகுளோட வைட்வைன். அதுல எல்1, எல்3னு பாதுகாப்புத் தரம் உண்டு. எல்1 போன்ல சாவி சிப்புக்குள்ள பத்திரமா இருக்கும், எல்3 போன்ல சாஃப்ட்வேரோட சரி, அதனால நம்பாம பெரும்பாலும் 480பிங்கிற குறைஞ்ச தரத்துலதான் காட்டுவாங்க. ஸ்க்ரீன் எவ்வளவு பெருசா இருந்தாலும் படம் மங்கலா தெரியுதுன்னா முதல்ல இத சந்தேகப்படுங்க.

உடைக்கிற சாஃப்ட்வேர் இருக்காமேன்னு அடுத்து கேப்பீங்க. 2012ல பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்துல 65ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அந்தப் பக்கம் போகாதீங்க. உங்க கோவம் நியாயம்தான், எனக்கும் அதே கடுப்பு உண்டு. ஒரு ஆன்லைன் வகுப்புக்கு வருஷக் காசு கட்டி பாடமெல்லாம் இறக்கி வச்சிருந்தேன், போன் பாம்பன்ல தண்ணிக்குள்ள போச்சு, மெமரி கார்டு பொழச்சுது, ஆனா புது போன்ல ஒரு பாடமும் திறக்கல. வாடகைக்கு விடுறவன் வாடகைன்னு சொல்லிட்டு போகலாம்ல, பட்டன்ல மட்டும் 'வாங்கு'ன்னு எழுதுறான்.

ஒண்ணு மட்டும் பிரிச்சுப் பாத்துக்கங்க. சொந்தக்காரங்க கல்யாண வீடியோ டிவியில சத்தம் மட்டும் வந்து படம் வரலன்னா அது பூட்டு இல்ல, எச்.265 மாதிரி கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கிற முறை, அந்தப் பழைய டிவிக்குத் தெரியல, அவ்வளவுதான். விஎல்சியில ஓடிரும்.

கே: எங்க காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து லீவுல கீழக்கரை வந்திருக்காக. அங்க இறக்குன சீரியல்ல பாதி இங்க ஓடலயே?

ப: படத்தோட உரிமையை நாடு நாடா பிரிச்சு விக்கிறாங்க. இங்க வந்து நெட்டை போட்டதும் ஆப் இடத்தைப் பாத்துக்கும், இந்தியாவுக்கு உரிமை இல்லாததை நிறுத்தி வச்சிரும். கோவத்துல அழிச்சிர வேணாம்னு சொல்லுங்க, திரும்பப் போயி அங்க நெட்டை போட்டா, கெடு பாக்கி இருக்கிறது பெரும்பாலும் அதே போன்ல ஓடும்.